ஐயனாருக்கு எண் போட்ட கதை

விதி பதினொன்று, உட்பிரிவு (ஆ): மையத்தின் வழியாக வரன் குறிப்பைப் பெற்றுக்கொண்ட குடும்பத்தார், பெற்ற நாளிலிருந்து பதினைந்து நாட்களுக்குள் தமது சம்மதத்தையோ மறுப்பையோ மையத்துக்குத் தெரிவித்தல் வேண்டும்.

இந்த விதியை எழுதியவன் நான். பொன்னமராவதியில் எங்கள் சனங்கள் நடத்தும் திருமணத் தகவல் மையத்துக்கு விதிமுறைகள் இல்லையென்று அறிந்தபோது, பதிவுத் துறையில் காலம் முழுக்கக் குப்பை கொட்டி ஓய்வு பெற்றவனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. எழுதிக் கொடுத்தேன். செயற்குழு ஒருமனதாக ஏற்றது. ஏற்றவர்களில் யாரும் அதைப் படிக்கவில்லை என்பது பின்னால் தெரிந்தது. விதி பதினொன்று இதுவரை ஒரு தடவைகூடக் கடைப்பிடிக்கப்படவில்லை. பெண் வீட்டார் போனை எடுக்காமல் இருப்பதே பதில் என்பது நம் பக்கத்து நடைமுறை. எழுதாத விதிகளை மட்டும் நம் ஆட்கள் பிசகாமல் பின்பற்றுவார்கள்.

மையத்தில் எனக்குப் பதவி கிடையாது, மேசை உண்டு. அதில் நான் உட்கார்ந்ததற்குப் பொதுச்சேவை காரணம் என்று சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். உண்மையான காரணம் என் தங்கை மகன். வயது முப்பத்தாறு. பொன்னமராவதியிலேயே மோட்டார் பம்பு உதிரிபாகக் கடை வைத்திருக்கிறான். நல்லவன், கடன் இல்லாதவன், தலையில் முடியும் பெருமளவு இருக்கிறது. ஆனால் மாதச் சம்பளக்காரன் இல்லை. இந்தக் காலத்தில் பெண் வீட்டார் கேட்கும் முதல் கேள்வியிலேயே அவன் விழுந்துவிடுவான். தங்கையின் கணவர் காலமாகிச் சில ஆண்டுகள் ஆகின்றன. எனக்கோ ஒரே மகன். "ஒனக்கு ஒரு பொண்ணு பொறந்திருந்தா இந்த அலைச்சல் எனக்கு எதுக்குண்ணே" என்று தங்கை இன்றுவரை சொல்வாள், ஏதோ நான் விண்ணப்பம் போடத் தவறிவிட்டது போல.

அவனுக்கு ஒரு பெண் அமைய வேண்டும். தங்கைக்கு அதைத் தவிர வேறு கவலை இல்லை. தினமும் காலை ஏழு மணிக்குப் போன் செய்து அதை எனக்கும் பங்கு வைப்பாள்.

மையத்தில் ஒரு கணினி இருந்தது. திருச்சி, காரைக்குடி, அறந்தாங்கிக் கிளைகளில் பதிவு செய்யப்படும் வரன்களும் அதற்குள் வந்து சேரும். மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை, பதிவு செய்த ஒவ்வொருவருக்கும் பொருத்தமான வரன்களின் பட்டியலை அது அச்சிட்டுத் தர வேண்டும். இதில் நட்சத்திரப் பொருத்தமெல்லாம் பிறகு. முதலில் பார்க்க வேண்டியது குலதெய்வம். ஒரே கோயிலைக் கும்பிடுகிறவர்கள் எங்களில் பங்காளிகள். முன்பின் பார்த்திராதவர்களாக இருந்தாலும் அவர்கள் வீட்டுப் பெண் இவனுக்குத் தங்கை முறை. ஆகவே மென்பொருள் எல்லா ஆண்களையும் எல்லாப் பெண்களோடும் ஜோடி சேர்த்து, அந்தப் பெருங்கூட்டத்தைக் குலதெய்வ வாரியாகத் தொகுத்து, பங்காளிகளைக் கழித்துவிட்டு, மிச்சத்தைத்தான் ஜாதகத்துக்கு அனுப்பும்.

அனுப்பும் என்று சொன்னேன். அனுப்பவேண்டும் என்பதே சரி. கணினியை இயக்கிய அம்மாள், நாற்பதைத் தாண்டியவர், 'குலதெய்வ வாரியாகத் தொகு' என்ற பொத்தானை அமுக்கிவிட்டுக் கீரை ஆய ஆரம்பிப்பார். கீரை முடிந்து, பூண்டு உரித்து, டிபன் கேரியரும் காலியாகிவிடும். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

"என்னம்மா ஆச்சு?" என்பேன்.

"சுத்துதுங்க சார்."

"எப்ப நிக்கும்?"

"அதை அதுகிட்டத்தான் கேக்கணும். போன மாசம் நிக்கப் போன நேரத்துல கரண்டு போயிருச்சு."

வெளியே வெளியூரிலிருந்து வந்த பெற்றோர்கள் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று எட்டி எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் அந்த அம்மாள் 'தவிர்' என்ற இன்னொரு பொத்தானை அமுக்குவார். அப்படிச் செய்தால் குலதெய்வச் சோதனை கிடையாது. கிளைகளின் பதிவுகளும் சேராது. எங்கள் மையத்தில் பதிந்தவர்களை மட்டும் நட்சத்திரப்படி பார்த்து இரண்டே நிமிடத்தில் தாள் வந்துவிடும். குலதெய்வத்தைக் கண்ணால் சரிபார்த்துக்கொள்ளலாம் என்பது ஏற்பாடு.

கண்ணால் பார்க்கவும் அதில் ஒன்றும் இல்லை. அச்சிட்ட தாளில் குலதெய்வத்துக்கு ஒதுக்கிய கட்டம் சிறியது. பெயர்களோ, 'அருள்மிகு அடைக்கலங்காத்த ஐயனார் திருக்கோயில்' என்று தொடங்கி, கடைசியில்தான் ஊர்ப் பெயருக்கு வரும். கட்டத்தில் 'அருள்மிகு' மட்டும் விழும், மிச்சம் வெட்டுப்படும். எல்லோருக்கும் அருள்மிகு. யாருக்கும் வேறுபாடு தெரியாது. நாளடைவில் அந்தக் கட்டத்தை யாரும் படிப்பதே இல்லை.

இப்படி வந்த ஒரு தாளை எடுத்துக்கொண்டுதான் விராலிமலைப் பக்கம் பெண் பார்க்கப் போனோம்.

தங்கை, அவள் மகன், நான். வாடகைக் கார். பெண்ணின் தகப்பனார் நெடுஞ்சாலை ஓரம் டயர்க் கடை வைத்திருப்பவர். பெண் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தபடியே வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளைக்கு மாதச் சம்பளம் இல்லை என்று தெரிந்தும் வரச் சொன்னார்கள். அதுவே பெரிய விஷயம் என்று தங்கை வழி முழுக்கக் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டே வந்தாள்.

வாழைக்காய் பஜ்ஜியும் கேசரியும் வந்தன. மழை பெய்யாததைப் பற்றிப் பேசினோம். டயர்களைப் பற்றிப் பேசினோம். பம்புகளைப் பற்றி மருமகன் கேட்டதற்கு மேலேயே சொன்னான். டயர்க் கடைக்காரருக்கு அவனைப் பிடித்துவிட்டது; முகத்தில் தெரிந்தது.

"ஆமா, குலசாமி எங்கிட்டுங்க?" என்றார். சும்மா பேச்சுக்குத்தான் கேட்டார்.

"அடைக்கலங்காத்த ஐயனாருங்க" என்றாள் தங்கை.

"அட, எங்களுக்கும் அந்தப் பேருதான். அவருதான் அங்கங்க ஊருக்கு ஒருத்தரா இருக்காரே. ஒங்களுது எந்தப் பக்கத்து ஐயனாரு?"

தங்கைக்கு அது கணவன் வீட்டுக் கோயில், அவ்வளவு நிச்சயமில்லை. மகனைப் பார்த்தாள். அவன் சொன்னான்: "அப்பா இருந்தப்ப சிவராத்திரிக்குக் கூட்டிப் போவாருங்க. பெரிய கண்மாய்க் கரைமேல இருப்பாரு. முன்னால ரெண்டு மண்குதிரை. அதுல ஒண்ணுக்குக் காது ஒடஞ்சிருக்கும்."

டயர்க் கடைக்காரர் கையிலிருந்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

"எந்தக் காது தம்பி?"

"எடது காதுங்க."

"எடது காதுதான்" என்றார் அவர், மெதுவாக. "அதை ஒடச்சவன் என் தம்பி. மாங்காய்க்கு எறிஞ்ச கல்லு. எங்கப்பா அவனை அந்தக் கரை முழுக்க வெரட்டி வெரட்டி அடிச்சாரு."

பெண்ணின் அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். தங்கை என்னைப் பார்த்தாள். நான் கேசரியைப் பார்த்தேன். இந்தச் சூழ்நிலைக்கு விதி எதுவும் நான் எழுதியிருக்கவில்லை.

அடுப்படிக் கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "அப்ப காப்பியை நான் கொண்டாரவா, இல்ல அம்மாவே குடுக்குமா?"

"வாத்தா, வா" என்றார் தகப்பனார். "வந்து ஒங்க அண்ணனுக்குக் குடு."

பெண் வந்தாள். பட்டுச் சேலை, தலையில் கனகாம்பரம், முகத்தில் வெளிப்படையான நிம்மதி. தட்டை நீட்டி, "அண்ணே, சீனி பத்தலைன்னா சொல்லுங்க" என்றாள். என் மருமகன் சிரித்துவிட்டான். பிறகு எல்லோரும் சிரித்தோம், தங்கையைத் தவிர. இலை போட்டுச் சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். பங்காளி வீட்டுக்கு முதல்முதலாக வந்தவள் என்று தங்கைக்கு ஒரு சேலையும் வைத்துக் கொடுத்தார்கள். அதை மடியில் வைத்துக்கொண்டு காரில் அவள் அழுதாள்.

"பொண்ணு பாக்கப் போயி மகளோட வாரேன். ஒங்க ஆபீசு லட்சணம் நல்லா இருக்குண்ணே."

கிளம்புமுன் அந்தப் பெண் என்னிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தாள். அவள் அண்ணனுக்கு நான் மாமா என்றால் அவளுக்கும் மாமாதான். முறையை அவளே உடனடியாக அமலுக்குக் கொண்டுவந்துவிட்டாள். "மாமா, பங்காளியைக் கழிக்கக்கூடத் தெரியாத சாஃப்ட்வேரை எந்தப் புண்ணியவான் எழுதுனது?"

அதற்குக் கழிக்கத் தெரியும், ஆனால் நேரம் பிடிக்கிறது என்று விளக்கினேன். "எவ்வளவு நேரம்?" என்றாள். கீரை, பூண்டு, டிபன் கேரியர் என்று சொன்னேன். அதைக் கேட்ட பிறகு அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவள் கம்பெனியில் பார்ப்பதே டேட்டாபேஸ் வேலைதானாம். வருகிற ஞாயிறு வருகிறேன் என்றாள். நம் ஆட்கள் வருகிறேன் என்று சொல்வதற்கு நான் வைத்திருக்கும் மதிப்பு விதி பதினொன்றிலிருந்து தெரிந்திருக்கும். ஆனால் வந்துவிட்டாள். பஸ்ஸில், தோளில் மடிக்கணினிப் பையோடு.

கீரை ஆயும் அம்மாளின் நாற்காலியில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"மாமா, இது ஒரே சாமி கும்புடுறவங்களை ஒண்ணாச் சேக்கணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்."

"பெறகு ஏன் அத்தனை சாமியையும் அகராதி வரிசையில அடுக்கிக்கிட்டு இருக்கு?"

அடுக்கத்தான் வேண்டும் என்றேன். விதி ஆறு: எல்லாப் பட்டியல்களும் தமிழ் அகரவரிசையில் பேணப்படுதல் வேண்டும். பதிவுத் துறையில் பெயர் அட்டவணை அகரவரிசையில் இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் விளக்க ஆரம்பித்தேன். அவள் பொறுமையாகக் கேட்டாள். பொறுமை அவள் அப்பாவிடமிருந்து வந்ததாக இருக்க வேண்டும். ஒட்டுப்போட்ட ட்யூபைத் தண்ணீரில் அமுக்கிக் குமிழுக்குக் காத்திருக்கிறவருக்கு அது வரும்.

"மலைக்கோயில் அடிவாரத்துல செருப்பு விட்டிருக்கீங்களா?" என்றாள்.

"விட்டிருக்கேன்."

"ஒரு குவியல் செருப்பு கெடக்கு. ஜோடி சேக்கணும். அதுக்காகச் சின்னதுலேருந்து பெரிசு வரைக்கும் எல்லாச் செருப்பையும் வரிசையா அடுக்குவீங்களா? அடுக்குனா ஜோடி பக்கத்துப் பக்கத்துல வந்துரும், வாஸ்தவம். ஆனா எதுக்கு அந்தப் பாடு? எது எதோட சேரும்னு தெரிஞ்சாப் போதும். எது முன்னாடி எது பின்னாடின்னு அங்க யாரு கேக்குறா?"

யோசித்துப் பார்த்தேன். குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத உணர்ச்சி.

அவள் மேலும் சொன்னாள். தமிழ் அகராதி முறைப்படி இரண்டு பெயர்களை ஒப்பிடுவதென்றால் கணினி எழுத்தை அப்படியே பார்த்துவிட்டுப் போய்விட முடியாது. எந்த எழுத்துக்கு எந்த இடம் என்று ஒவ்வொரு தடவையும் ஒரு விதிப் புத்தகத்தைப் புரட்டித்தான் முடிவு சொல்லும். ஒரு தடவை என்றால் பரவாயில்லை. ஜோடிக் கூட்டம் முழுவதையும் அடுக்க இப்படிக் கோடிக்கணக்கான தடவை. விதிப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி வேலையை நிறுத்தி வைக்கும் ஓர் ஊழியரை என் அலுவலக வாழ்க்கையில் எனக்கும் தெரியும். யார் என்று அவளிடம் சொல்லவில்லை.

முதல் வேலையாக, தொகுக்கும் இடத்தில் மட்டும் அகராதி முறையை எடுத்துவிட்டாள். எழுத்துகளுக்குக் கணினி தனக்குள் வைத்திருக்கும் எண்களை அப்படியே ஒப்பிட்டால் போதும் என்று மாற்றினாள். பொத்தானை அமுக்கினோம். வட்டம் சுற்றியது. கீரை முடிந்தது, பூண்டு உரிப்பதற்குள் நின்றது.

"பரவால்லையே" என்றார் கணினி அம்மாள்.

"இல்லக்கா, இன்னும் குறையணும்" என்று அவள் திரையைப் பார்த்தபடியே இருந்தாள். பிறகு சத்தமாகச் சிரித்தாள். "மாமா, இங்க வந்து பாருங்க. எல்லாச் சாமியும் அருள்மிகு."

"சாமின்னா அருள்மிகுதான். வேற என்ன போடுறது, திருவாளரா?"

"அதுக்கில்ல. ரெண்டு பேரை ஒப்பிடுறப்ப மொதல் எழுத்துலேருந்து பாத்துக்கிட்டு வரும். எங்க வேறுபடுதோ அங்க நிறுத்திரும். சாதாரணமா மொதல் ரெண்டு மூணு எழுத்துலயே முடிஞ்சிரும். அதுக்குன்னே மொதல் கொஞ்சத்தை மட்டும் கையில சுருக்கமா வச்சுக்கிட்டு, அதை வச்சே சடசடன்னு பிரிச்சிரும். இங்கிட்டு அந்தச் சுருக்கத்தைத் தொறந்து பாத்தா எல்லாத்துலயும் அரு, அரு, அரு. சரின்னு உள்ள போனா அடைக்கலங்காத்த ஐயனார், அடைக்கலங்காத்த ஐயனார். கடைசியில ஊருக்கு வந்தப்பத்தான் தெரியுது வேற ஐயனாருன்னு. ஒவ்வொரு தடவையும் வாசல்லேருந்து கருவறை வரைக்கும் போயிட்டு வருது, பாவம்."

அச்சிட்ட தாளின் சின்னக் கட்டத்தில் எங்களுக்கு நடந்ததே கணினிக்கு உள்ளேயும் நடந்திருக்கிறது. அதுவும் அருள்மிகுவைத் தாண்டிப் பார்க்கத்தான் திணறியிருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் ஒரு வித்தியாசம்தான்: அது கடைசிவரை படித்தது, நாங்கள் படிக்கவில்லை.

வழி என்ன என்று கேட்டேன். செருப்பு விடுகிற இடத்திலேயே வழி இருக்கிறது என்றாள், டோக்கன். ஒவ்வொரு குலதெய்வத்துக்கும் ஓர் எண். பதிவுகளில் எல்லாம் அந்த எண் மட்டும் இருக்கும். தொகுப்பதும் எண்ணை வைத்துத்தான். முழுப் பெயர் தனியாக ஓரிடத்தில் ஒரே ஒரு தடவை எழுதப்பட்டிருக்கும். அச்சிடும்போது எண்ணைப் பார்த்துப் பெயரை எடுத்துக்கொள்ளலாம்.

"அப்ப கடைசிப் பட்டியல் அகரவரிசையில வராதே" என்றேன். விதி ஆறை அவ்வளவு சுலபத்தில் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

"வரும் மாமா. தொகுத்து முடிச்ச பெறகு மிஞ்சுறது நூத்துச் சொச்சம் சாமி. அவங்களை மட்டும் ஒங்க விதிப்படி அடுக்குறதுக்குக் கண்ணு சிமிட்டுற நேரம்கூட ஆகாது. வரிசை வேணாம்னு யாரு சொன்னா? கடைசியில ஒரு தடவை போதும்னுதான் சொல்றேன்."

விதி ஆறு பட்டியல்களைப் பற்றித்தான் பேசுகிறது. பட்டியல் தயாரிக்கும் வழியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எடுத்துப் படித்து உறுதி செய்துகொண்டேன். நன்றாக எழுதப்பட்ட விதி.

கோயில்களின் பெயரில் கை வைப்பதென்றால் செயற்குழுவின் ஒப்புதல் வேண்டும். விதி பத்தொன்பது. அவள் தலையிலடித்துக்கொண்டாள். ஆனால் அடுத்த ஞாயிறு கூட்டத்துக்கு வந்தாள்.

செயலாளர் அரிசி மில் உரிமையாளர். நெற்றி நிறைய விபூதி. விஷயத்தை முழுக்கக் கேட்டார். கேட்டுவிட்டுச் சொன்னார்: "சாமி பேருக்கு முன்னால அருள்மிகுவை எடுக்கணும்ங்கிறீங்க. எடுத்துட்டு நம்பர் போடணும்ங்கிறீங்க. ஜெயில்லதான் நம்பர் போடுவாக."

"எடுக்கலைங்க" என்றாள் அவள். "தனியாப் பத்திரமா எழுதி வைக்கிறோம். அச்சடிக்கிறப்ப தானா வந்து ஒக்காந்துக்கும்."

"அது எப்புடி இருந்தாலும் உள்ளுக்குள்ள நம்பர்தானேம்மா. எங்க கருப்பருக்கு நம்பர் போட்டு அவரு கோவிச்சுக்கிட்டாருன்னா, நீயா பதில் சொல்லுவ?"

கூட்டத்தில் சலசலப்பு ஏற்பட்டது. இரண்டு பேர் எழுந்து தங்கள் குலதெய்வங்களின் கோபத்தைப் பற்றி முன்னுதாரணங்களோடு பேசினார்கள். யாருக்கு ஒன்றாம் எண் என்று மூன்றாமவர் கேட்டபோது, விவகாரம் எங்கே போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஒழுங்குப் பிரச்சினை எழுப்பி எழுந்தேன்.

"செயலாளர் ஐயா, ஒங்க கருப்பர் கோயிலுக்கு நிலம் இருக்கா?"

"இருக்கு. ரெண்டு ஏக்கர் நஞ்சை."

"பட்டா யாரு பேருல?"

"சாமி பேருலதான்."

"அந்தப் பட்டாவுக்கு நம்பர் இருக்கா?"

அவர் யோசித்தார். "இருக்கு."

"சர்வே நம்பரும் இருக்கு. அதுல உட்பிரிவும் இருக்கும். அரசாங்கம் அவருக்கு நம்பர் போட்டு எத்தனையோ காலமாச்சு. இதுநாள் வரைக்கும் அவரு ஆட்சேபனை மனு எதுவும் குடுத்ததாத் தெரியலை. குடுத்திருந்தா பதிவுத் துறையில என் காதுக்கு வராம இருந்திருக்காது."

சிரிப்புக் கிளம்பியது. செயலாளரும் சிரித்துவிட்டார், ஆனால் மில் முதலாளி எடை குறைய விடுவாரா. "சரி, போடுங்க. ஆனா எங்க கருப்பருக்குக் கூட்டுத்தொகை ஒம்பது வரணும்" என்றார். அதற்கு ஒரு தடையும் இல்லை என்று அவள் சொன்னாள். ஒன்றாம் எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை என்று நான் ஒரு திருத்தம் கொண்டுவந்தேன். அதற்கு மட்டும் கைதட்டினார்கள்.

ஆனி மாதத்து முதல் ஞாயிறு, வழக்கம்போல் பெற்றோர்கள் வந்து உட்கார்ந்தார்கள். கணினி அம்மாள் முருங்கைக்கீரைக் கட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு பொத்தானை அமுக்கினார். ஒரு காம்பைக் கையில் எடுத்தார். அச்சு இயந்திரம் கடகடவென்று ஓடத் தொடங்கியது.

அவர் காம்பைக் கையில் பிடித்தபடியே திரையைப் பார்த்தார். "தப்பா எதையும் அமுக்கிட்டேனா சார்?"

"இல்லம்மா. முடிஞ்சிருச்சு."

"முடிஞ்சிருச்சா" என்றார். குரலில் மகிழ்ச்சியைவிட வருத்தமே மிகுந்திருந்தது. "அப்ப இந்தக் கீரையை நான் எப்ப ஆயிறது?"

எல்லாக் கிளைகளின் பதிவுகளும் சேர்ந்து, பங்காளிகள் அத்தனை பேரும் கழிந்து, சாமிகள் அகரவரிசையில் நின்ற முழுப் பட்டியலை அன்றைக்குத்தான் நாங்கள் முதன்முதலாகப் பார்த்தோம். தாளில் குலதெய்வக் கட்டத்தையும் அவள் அகலமாக்கியிருந்தாள். ஊர்ப் பெயர் முன்னால், அருள்மிகு அதற்கடுத்து. என் மருமகனுக்கு இதுவரை வராத பெயர் ஒன்று வந்திருந்தது. ஆவுடையார்கோவில் பக்கத்துப் பெண். முப்பத்து மூன்று வயது. கால்நடை மருந்தகத்தில் வேலை. அறந்தாங்கிக் கிளையில் பதிந்து வெகுநாள் ஆகியிருந்தது. 'தவிர்' பொத்தானை அமுக்கிய மாதங்களிலெல்லாம் அந்தப் பெண் பட்டியலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்திருக்கிறாள். எதிர்பார்ப்பு என்ற கட்டத்தில் 'சொந்தத் தொழிலும் சம்மதம்' என்று எழுதியிருந்தது. அந்த வரியை இரண்டு தடவை படித்தேன்.

தங்கையைப் போனில் அழைத்துச் சொன்னேன். அவளுக்கு நம்பிக்கை இல்லை. "குதிரைக் காதெல்லாம் விசாரிச்சியா?" என்றாள்.

விராலிமலைப் பெண் குறிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, "அண்ணி நல்லா இருப்பாங்க போலயே" என்றாள். அவளுடைய பெயரும் அதே கணினியில்தான் இருந்தது. உனக்கும் ஒரு தாள் எடுத்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "எனக்கு வட்டமே சுத்தட்டும் மாமா, ஒண்ணும் அவசரமில்ல" என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போனாள்.

மருமகனின் குறிப்பை ஆனிக் கடைசியில் ஆவுடையார்கோவிலுக்கு அனுப்பினோம், விதி பதினொன்றின் நகலோடு. இனிக் கணினியால் ஆவதற்கு ஒன்றும் இல்லை. பதினைந்து நாள் போயிற்று. பதில் இல்லை. நினைவூட்டுக் கடிதம் ஒன்று அனுப்பினேன். அதற்கும் இல்லை. காலை ஏழு மணிப் போன் ஆறரைக்கு வரத் தொடங்கியது.

"வேணாம்னு நெனச்சிட்டாங்களாண்ணே?"

"மறுப்பு வரலையே."

"சம்மதமும் வரலையே."

"ரெண்டும் வரலைன்னா நிலுவைன்னு அர்த்தம்."

"ஒன் நிலுவையில தீயை வைக்க. ஆடி மாசத்துல எவன் கல்யாணப் பேச்சை எடுப்பான்? அதை யோசிச்சியா நீ விதி எழுதுறப்ப?"

யோசிக்கவில்லை. ஆடி மாதம் கணக்கில் சேராது என்று ஒரு விளக்கக் குறிப்பு விதியில் விடுபட்டிருந்தது. அடுத்த கூட்டத்துக்குத் திருத்த முன்மொழிவு தயாரித்தேன். மருமகன் கடையில் வழக்கம்போல் பம்பு விற்றான். என்னைப் பார்த்தால் மட்டும் ஒன்றும் கேட்காமல் டீ வாங்கிக் கொடுத்தான். அவனுக்குச் சித்தப்பா முறையாகிவிட்ட டயர்க் கடைக்காரர் வாரத்துக்கு ஒரு தடவை எனக்குப் போன் செய்து, "நம்ம பையன் விசயம் என்னாச்சுங்க" என்று விசாரித்தார். நாங்கள் பெண் கேட்கப் போன வீட்டிலிருந்து வந்த ஒரே பதில் அதுதான்.

பிறகு ஒரு காலையில், தங்கையின் போன் வருவதற்கு முன்பே என் போன் அடித்தது. ஆவுடையார்கோவிலிலிருந்து பெண்ணின் தகப்பனார்.

"மன்னிச்சுக்கங்க சார். ஆடி முடியட்டும்னு இருந்துட்டோம். பொண்ணு போட்டோ பாத்துச்சு, குறிப்பும் படிச்சுச்சு, சம்மதம்னு சொல்லிருச்சு. வெள்ளிக்கிழமை வாரீங்களா?"

"வாரோம்ங்க. அவசியம் வாரோம்."

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும், தப்பா நெனைக்காதீங்க. மாப்பிள்ளைக்குக் குலசாமி எங்கிட்டுங்க? தாளுல இருக்கு. இருந்தாலும் வாய்வார்த்தையா ஒரு தடவை கேட்டுக்கிறது நல்லதில்லையா."

கண்மாய்க் கரை ஐயனார், இரண்டு மண்குதிரை, ஒன்றுக்கு இடது காது கிடையாது என்று சொன்னேன்.

அவர் சற்று யோசித்தார். எனக்கு அந்த நேரம் வட்டம் சுற்றுவது போலத்தான் இருந்தது.

"எங்களுக்கு அம்மன் கோயிலுங்க. குதிரையே கெடையாது" என்றார்.

தங்கைக்குச் சொல்லிவிட்டு மையத்தைத் திறந்து, வரன் பதிவேட்டில் மருமகனின் குறிப்புக்கு நேராக, 'பதில் பெறப்பட்ட நாள்' என்ற கட்டத்தில் எழுதினேன்: ஆவணி முதல் தேதி.